பெய்த் இபாவில் ஒரு வயலின்: சாவடியில் நின்ற பெண்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2004 நவம்பர் 9. இஸ்ரேல் ராணுவத்தின் கட்டுப்பாட்டிலுள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் நாப்லுஸ் நகருக்கு மேற்கே பெய்த் இபா ராணுவச் சோதனைச் சாவடி. பெட்டியோடு வந்த 28 வயதுப் பாலஸ்தீனர் ஒருவர் இஸ்ரேலியச் சிப்பாய்களுக்கு எதிரில் நின்று வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை காத்துக்கிடந்தது. கையில் வீடியோ கேமரா வைத்திருந்த ஓர் இஸ்ரேலியப் பெண் அதைப் பதிவு செய்தார். அவர் செய்தி சேகரிக்க வந்தவர் அல்லர். அன்றைய முறைக்குச் சாவடியில் நிற்க வந்த தன்னார்வலர். 'மக்சோம் வாட்ச்' என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்.

மாதக் கடைசியில் அந்தப் படம் பத்திரிகைகளுக்குப் போனது. நாடு கொதித்தது. அதே வாரங்களில் காசாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கும் செய்தியில் இருந்தது. அதைவிட வயலின்தான் அதிகம் பேசப்பட்டது. காரணம் இஸ்ரேலியர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாஜி முகாம்களில் காவலர்களுக்காக இசைக்கருவி வாசிக்க நிறுத்தப்பட்ட யூதர்களின் நினைவு அந்தச் சமூகத்தில் பாடப்புத்தகம்வரை இருக்கிறது. நாவலாசிரியர் யோராம் கனியுக் அந்த ஒப்பீட்டை வெளிப்படையாகவே முன்வைத்தார்.

ராணுவம் முதலில் சொன்ன விளக்கம்: பெட்டிக்குள் வெடிபொருள் இல்லை என்று உறுதிப்படுத்தவே வாசிக்கச் சொன்னார்கள், கெட்ட எண்ணம் இல்லை, நடந்துகொண்ட விதத்தில் நயம் போதவில்லை. பிறகு நடந்த உள்விசாரணையில் அதுவும் மாறியது: பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள், அவராகவே வாசித்தார். வாசித்தவரோ, ஏதாவது சோகமாக வாசி என்று தன்னிடம் சொன்னதாகக் கூறினார்.

யார் சொல்வது சரி என்ற சர்ச்சையில் பத்திரிகைகள் சில வாரங்கள் ஓட்டின. எனக்கு அந்தச் சர்ச்சையில் பெரிய ஈடுபாடு இல்லை. வெடிகுண்டுச் சந்தேகம் இருக்கிற பெட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் வைத்து இயக்கிக் காட்டச் சொல்வது எந்தப் பாதுகாப்பு முறை என்ற கேள்வியோடு அதை விட்டுவிடலாம். வயலின் வாசித்த சில நிமிடங்கள் படமாகின. அவருக்குப் பின்னால் நின்ற வரிசை எவ்வளவு நேரமாக நின்றது என்பதைப் பற்றி எந்தத் தலையங்கமும் கேட்கவில்லை. கேமரா வைத்திருந்த பெண்ணும் அவருடைய தோழிகளும் அதைக் கேட்பதற்காகத்தான் வாராவாரம் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

அடைப்பு

தமிழில் 'சோதனைச் சாவடி' என்று எழுதும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர்கள் இளைப்பாற ஊரார் கட்டிவைத்த இடம். எபிரேயத்தில் 'மக்சோம்' என்றால் தடுப்பு, அடைப்பு. நாய்க்கு மாட்டும் வாய்ப்பூட்டுக்கும் அதே சொல்தான். பாலஸ்தீனர்கள் அந்த எபிரேயச் சொல்லையே எடுத்து, அரபிப் பன்மை கொடுத்து, 'மஹாசீம்' என்று புழங்குகிறார்கள். வேறு சொல் பழக்கத்தில் இல்லாததால் நானும் சாவடி என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். சாவடி என்றதும் இரு நாடுகளுக்கு நடுவிலுள்ள எல்லை நினைவுக்கு வரும். பெய்த் இபா எல்லை அல்ல. இந்தப் பக்கமும் மேற்குக் கரை, அந்தப் பக்கமும் மேற்குக் கரை. நாப்லுஸ் நகரம் எபால், கெரிசிம் என்ற இரு மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. வழிகள் குறைவு, அடைப்பது எளிது. 2000 செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சி தொடங்கிய பிறகு தெற்கே ஹுவாரா, மேற்கே பெய்த் இபா என்று வாய்களை அடைத்தார்கள். இஸ்ரேல் பஸ்களிலும் உணவகங்களிலும் தற்கொலைத் தாக்குதல்களைச் சந்தித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தாக்குதல்களில் பல நாப்லுஸிலிருந்து திட்டமிடப்பட்டவை என்பது ராணுவத்தின் வாதம். அதன் பலன் ஒரு நகரம் முழுவதன்மேல் விழுந்தது. நகருக்குள் இருக்கும் அந்-நஜா பல்கலைக்கழகத்துக்குத் துல்காரம் பக்கத்திலிருந்து வருகிற மாணவர்களுக்குப் பெய்த் இபாவைத் தாண்டாமல் வகுப்பு இல்லை. 16 முதல் 35 வயது வரையிலான ஆண்கள் வெளியேறவே கூடாது என்று பல நாட்களில் உத்தரவு இருக்கும். பல்கலைக்கழக மாணவனுக்கு வேறு என்ன வயது இருக்கும்?

மூன்று பேர்

மக்சோம் வாட்ச் 2001 தொடக்கத்தில் மூன்று பெண்களால் உருவானது. ரோனி யேகர் குவாதமாலாவிலும் மெக்சிகோவிலும் மனித உரிமைப் பணி செய்தவர். அடி குன்ட்ஸ்மன் 1990இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து குடியேறிய பெண்ணிய ஆய்வாளர். யெஹுதித் கேஷெத் மத ஆசாரம் பேணும் யூதர். பெத்லகேமுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவிலுள்ள சாவடியில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் 400 பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் பெண்கள், பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டியவர்கள், பலர் ஓய்வு பெற்றவர்கள், வசதியான குடும்பத்தினர். பலருடைய பிள்ளைகள் அதே ராணுவத்தில் பணி செய்தவர்கள்.

ஆண்களைச் சேர்க்கவில்லை. ஆண்கள் வந்தால் சிப்பாயோடு வாக்குவாதம் தடித்துவிடும், தாய் வயதுப் பெண் நின்றால் பத்தொன்பது வயதுப் பையன் கொஞ்சம் கூசுவான் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்த நாளும் உண்டு, பலிக்காத நாளும் உண்டு. ஆனால் பிறகு அமைப்புக்குள் பெரிய விவாதம் கிளம்பியதும் இந்த 'அம்மா' வேடத்தைப் பற்றித்தான்.

வைத்துக்கொண்ட வேலைகள் மூன்று. சிப்பாய்களும் போலீஸாரும் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனிப்பது. கடந்து போகிறவர்களின் உரிமை மீறப்படாமல் இருக்க முயல்வது. பார்த்ததை எழுதி முடிந்த அளவு பரப்புவது. முதலும் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நடுவில் இருப்பதுதான் சிக்கல்.

ஒரு முறை எப்படிப் போகும்

காலை முறை, பிற்பகல் முறை என்று இரண்டு. சட்டையில் அமைப்பின் பெயர்ப்பட்டை, கையில் நோட்டு. எழுத வேண்டியவை சாதாரணமானவை: வந்த நேரம், வரிசையில் சுமார் எத்தனை பேர், எத்தனை வண்டி, தடுத்துவைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எப்போதிலிருந்து, பொறுப்பிலிருக்கும் அதிகாரியின் பதவி என்ன, கேட்டதற்கு அவர் என்ன சொன்னார், கிளம்பிய நேரம். அறிக்கை அன்றோ மறுநாளோ சாவடியின் பெயரிலும் தேதியிலும் பொதுவெளியில் ஏறிவிடும், எபிரேயத்திலும் ஆங்கிலத்திலும்.

அங்கே புழங்கும் சொற்கள் கொஞ்சம்தான். சிப்பாய்க்கு அரபி தெரியாது. தெரிந்ததெல்லாம் 'வாஹத் வாஹத்' (ஒவ்வொருவராக), 'இர்ஜா' (பின்னால் போ), 'ஜீப் அல்-ஹவிய்யா' (அடையாள அட்டையைக் கொண்டுவா). பயணியிடம் கேட்கப்படுவது ஹவிய்யா, பல இடங்களில் அதோடு 'தஸ்ரீஹ்' என்ற அனுமதிச் சீட்டு. அட்டை எண்களை உளவுத்துறையின் பட்டியலோடு ஒப்பிட எடுத்துக்கொண்டு போவார்கள். எண் பட்டியலில் சிக்கினால் சிப்பாய்களின் பேச்சில் அதற்குப் பெயர் 'பிங்கோ'. பொழுதுபோக்கு விளையாட்டின் பெயர். ஒப்பிட்டு முடிகிறவரை ஆள் ஓரமாகக் காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் ஆகும். அட்டை சிப்பாயிடம் இருப்பதால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பவும் முடியாது.

இந்த இடத்தில் பெண்கள் நோட்டை மூடிவிட்டு போனை எடுப்பார்கள். ராணுவத்துக்கு ஒரு 'மனிதாபிமான உதவி' எண் உண்டு. அதை அழைத்து, இன்ன சாவடியில் இத்தனை பேர் காலையிலிருந்து நிற்கிறார்கள் என்று சொல்வார்கள். சில நேரம் அரை மணியில் அட்டைகள் திரும்பி வரும். சில நேரம் 'பார்க்கிறோம்' என்ற பதிலோடு முடியும். எந்த நாள் எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெண்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இஸ்ரேலியக் குடிமக்கள் பாலஸ்தீன நிர்வாகத்தின் கீழுள்ள 'ஏ' பகுதி நகரங்களுக்குள் நுழைவது ராணுவ உத்தரவால் தடை. உயிருக்கு ஆபத்து, சட்டத்துக்குப் புறம்பு என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகை சாலை ஓரத்தில் நிற்கும். எனவே பல ஆண்டுகள் நாப்லுஸின் வாசலில் நின்றவர்கள் நாப்லுஸைப் பார்த்ததில்லை.

யாருக்கும் தெரியாத கோடு

அமைப்பில் இருந்த ஆய்வாளர்கள் ஹகர் கொதெஃபும் மெரவ் அமிரும் தாங்கள் கண்டதிலிருந்து கவனித்துச் சொன்ன ஒரு விஷயம், இந்த ஆய்வுக்கு வயலினைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். சாவடியில் ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டி முன்னால் வரக் கூடாது. ஆனால் அந்தக் கோடு தரையில் வரையப்பட்டிருக்காது. சிப்பாயின் மனத்தில் இருக்கும். காலையில் இருந்த இடத்தில் மாலையில் இருக்காது. முறை மாறினால் கோடும் மாறும். வரிசையில் பின்னாலிருந்து தள்ள, முன்னால் நிற்பவர் இரண்டு அடி நகர்ந்தால் கோட்டைத் தாண்டிவிட்டதாகக் கத்தல் வரும், சில நேரம் வரிசையையே நிறுத்திவிடுவார்கள். தண்டனை பெற்றவருக்குத் தான் மீறிய விதி என்ன என்று தண்டனைக்குப் பிறகுதான் தெரியும்.

தடுமாறுகிற கூட்டத்தைக் காட்டி, பாருங்கள், இவர்களுக்கு வரிசையில் நிற்கவே தெரியாது என்று சொல்வது அடுத்த கட்டம். நம் ஊர்ப் பஸ் நிலையத்தைப் பற்றியும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அங்கே எதிரில் துப்பாக்கி இல்லை.

இதை ஒரு வீடியோவால் காட்ட முடியாது. ஒரு நாள் பார்த்தால் சிப்பாயின் எரிச்சல் என்று தோன்றும். இருநூறு நாள் நோட்டுகளை அடுக்கிப் படித்தால்தான், எரிச்சல் என்று நினைத்தது நடைமுறை என்று புரியும். விதியைச் சொல்லாமல் வைத்திருப்பதே இங்கே விதி.

ராணுவத்தின் கேமரா

கேமரா இருந்தால் கை கட்டுப்படும் என்ற நம்பிக்கையையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். வயலின் சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஹுவாரா சாவடியில் பொறுப்பிலிருந்த ஒருவர் பாலஸ்தீனர்களை அடித்தது படத்தில் பதிவானது. எடுத்தது எந்த மனித உரிமை அமைப்பும் அல்ல, ராணுவத்தின் சொந்தக் கல்விப் பிரிவு. படமெடுக்கிறார்கள் என்று தெரிந்தும் அடி நிற்கவில்லை. வழக்கு நடந்து அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது.

அதே 2004 ஜூனில், மேற்குக் கரையின் தெற்கிலுள்ள ஹெப்ரான் நகரில் பணியாற்றிய முன்னாள் சிப்பாய்கள் டெல் அவிவில் புகைப்படக் கண்காட்சி வைத்து, தாங்கள் செய்ததைத் தாங்களே சொன்னார்கள். 'மௌனத்தைக் கலைத்தல்' என்ற பொருள் கொண்ட பெயரில் இன்றும் இயங்கும் அமைப்பு அதிலிருந்து பிறந்தது. அந்த ஆண்டில் இப்படித் தகவல் பல பக்கமிருந்தும் வந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல இடமில்லாமல் போனது. ஆனாலும் நடப்பது நின்றுவிடவில்லை. கண்காணிப்பு பற்றி எழுதுகிற எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சுழல்கதவு

விமர்சனத்துக்கு ராணுவம் கொடுத்த பதில் சாவடியை எடுப்பதாக இல்லை, சீரமைப்பதாக இருந்தது. மண் மேடும் கான்கிரீட் கட்டைகளும் இருந்த இடத்தில் கூரை, கழிப்பறை, பெண்களுக்கும் முதியோருக்கும் 'மனிதாபிமான வழி' என்ற தனிப் பாதை. ரமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் நடுவிலுள்ள கலந்தியா 2005 வாக்கில் 'முனையம்' ஆனது. விமான நிலையத்துக்கு வைக்கிற பெயர். வாசலில் பூப் படம் போட்டு, நம் எல்லோரின் நம்பிக்கை என்று பொருள்பட எழுதிய பலகை ஒன்றும் வைத்தார்கள்.

உள்ளே இரும்புச் சுழல்கதவுகள். கட்டடக்கலை ஆய்வாளர் எயால் வைஸ்மன் அவற்றின் அளவைக் குறித்துவைத்திருக்கிறார். இஸ்ரேலுக்குள் பல்கலைக்கழகம், நீச்சல் குளம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சுழல்கதவின் கை 75 முதல் 90 செ.மீ. நீளம். மேற்குக் கரைக்கும் காசாவுக்கும் உற்பத்தியாளரிடம் கேட்டது 55 செ.மீ. உடம்பு கதவில் ஒட்டி உரச வேண்டும், ஆடைக்குள் ஏதும் இல்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக. இருபது முதல் முப்பத்தைந்து செ.மீ. குறைவு என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. ஒரு கையில் குழந்தை, மறுகையில் காய்கறிப் பை என்று வருகிற பெண் அதற்குள் எப்படித் திரும்புவாள் என்று நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணி எப்படிப் போவாள்? கதவின் சுழற்சி சிப்பாயின் பொத்தானில் இருக்கிறது. அழுத்தினால் நிற்கும், உள்ளே நடுவில் இருப்பவரும் நிற்பார்.

கர்ப்பிணி என்றதும் சொல்லாமல் போக முடியாத ஒன்று. பாலஸ்தீனச் சுகாதார அமைச்சின் எண்களை வைத்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கொடுத்த கணக்கில், 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் சாவடிகளில் நடந்தன. பிறந்த குழந்தைகளில் பாதியளவு பிழைக்கவில்லை.

உதவியா, ஒத்துழைப்பா

இப்போது அந்த நடு வேலைக்கு வருவோம்: உரிமை மீறப்படாமல் இருக்க முயல்வது. ஒரு பெண் போன் செய்து, மருத்துவமனைக்குப் போகிற ஒரு முதியவரைக் கடக்க வைக்கிறார். நல்லது. முதியவர் நன்றி சொல்கிறார். பக்கத்திலிருக்கும் அதிகாரியும் மறுமுறை இவரைக் கூப்பிட்டு, வரிசையை ஒழுங்குபடுத்தக் கொஞ்சம் உதவுங்கள் என்கிறார். அவர் உதவினால், அன்று அந்தச் சாவடியை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். உதவாவிட்டால், வெயிலில் நிற்பது அவர் அல்ல.

அமைப்புக்குள் இது சிறிய சச்சரவாக இருக்கவில்லை. எங்கள் வேலை சாட்சியாக நிற்பது, சாவடியைச் சுமுகமாக்குவது அல்ல என்று ஒரு சாரார். எதிரில் நிற்கும் ஆளுக்கு உதவாமல் கொள்கை பேசுவது வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று மறுசாரார். 'சிப்பாயின் அம்மா' என்ற அடையாளத்தைப் பயன்படுத்தும்போது ராணுவக் குடும்பம் என்ற எண்ணத்தையே நாம் வலுப்படுத்துகிறோம் என்ற விமர்சனத்தைக் கொதெஃபும் அமிரும் எழுதினார்கள். ராணுவமும் கெட்டிக்காரத்தனமாக, இந்தப் பெண்கள் எழுப்பிய குறைகளை எடுத்துக்கொண்டு 'மனிதாபிமான அதிகாரி' என்ற பதவியை உண்டாக்கியது. குறை சொன்னவர்களின் சொல்லகராதி குறைக்குக் காரணமானவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

என் கணிப்பைக் கேட்டால், போன் செய்தது தவறில்லை. ஆனால் அமைப்பு செய்தவற்றில் நிலைத்த பயன் தந்தது சாவடிக்கு வெளியே செய்த வேலை. முறை பார்க்கப் போனவர்கள் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள்: ஏன் தடை என்றே தெரியாமல் உளவுத்துறையின் தடைப்பட்டியலில் இருக்கிறேன், அனுமதிச் சீட்டு கிடைப்பதில்லை. 2007இல் 'கண்ணுக்குத் தெரியாத கைதிகள்' என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டார்கள். பிறகு ஒரு குழு அமர்ந்து, விண்ணப்பம் எழுதி, மேல்முறையீடு செய்து, வழக்கறிஞர் வழியாக நீதிமன்றம்வரை போய்ப் பலருடைய பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தது. வேலைக்குப் போகிற கொத்தனாருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ராணுவ நீதிமன்றங்களிலும் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அங்கே வயலின் கிடையாது. பத்திரிகைகள் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணுகிறவர்கள்

இஸ்ரேலியர்கள் மட்டும் நிற்கவில்லை. ஜெருசலேம் திருச்சபைத் தலைவர்கள் விடுத்த வேண்டுகோளின் பேரில் உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் ஒரு திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து வரும் தன்னார்வலர்கள் மூன்று மாதம் தங்குவார்கள். பெத்லகேமின் '300ஆம் சாவடி'யில் விடியற்காலை நாலு மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு முன்பே கம்பிக்கூண்டுப் பாதையில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அரை மணிக்கு எத்தனை பேர் கடந்தார்கள் என்று எண்ணிக் குறிப்பதே முதல் வேலை. வாதம் இல்லை, அறிவுரை இல்லை, எண் மட்டும். எண்ணை மறுப்பது கடினம் என்பதால் இந்த வறண்ட முறைக்கு ஒரு பலம் உண்டு.

கண்காணிப்பவர்களையும் அகற்றலாம். ஹெப்ரானில் 1990களிலிருந்து இருந்த பன்னாட்டுப் பார்வையாளர் குழுவின் ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் இஸ்ரேல் புதுப்பிக்கவில்லை. அங்கே குடியேறிய இஸ்ரேலியர்களின் தொல்லை தாங்காமல் திருச்சபைத் தன்னார்வலர்களும் அதே மாதம் அந்த நகரிலிருந்து விலகினார்கள்.

நிற்க ஆளில்லாத இடம்

2009 வாக்கில் நாப்லுஸைச் சுற்றிய கெடுபிடி தளர்ந்தது. பெய்த் இபாவில் வரிசை இல்லாமல் போனது. அமைப்பின் பெண்களும் மூப்படைந்தார்கள், எண்ணிக்கை குறைந்தது. 300ஆம் சாவடியிலும் கலந்தியாவிலும் 2019இல் முகத்தை அடையாளம் காணும் இயந்திரங்கள் வந்தன, வரிசை வேகமாக நகர்ந்தது. 2023 அக்டோபர் 7இல் இஸ்ரேல்மேல் ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் அனுமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டதும் நகர வேண்டிய வரிசையே இல்லாமல் ஆனது.

ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் மேற்குக் கரையில் 2023 தொடக்கத்தில் எண்ணிய தடுப்புகள் 645. 2025 தொடக்கத்தில் 849. இந்த இரண்டாவது எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. எப்போதும் ஆள் நிற்கும் சாவடிகள் 94. அவ்வப்போது ஆள் நிற்பவை 153. மீதி 602இல் சாலைக் கதவுகளும், மண் மேடுகளும், கான்கிரீட் தடைகளும், வேலியும் அகழியும்.

மக்சோம் வாட்ச் பெண்களின் வேலைமுறைக்கு எதிரில் ஒரு சிப்பாய் தேவை. அவனிடம் கேள்வி கேட்கலாம், பதவியைக் குறிக்கலாம், கூச வைக்கலாம், படமெடுக்கலாம். பூட்டிக் கிடக்கும் மஞ்சள் நிற இரும்புக் கதவுக்கு முன்னால் நோட்டோடு நிற்கிறவர் தேதியையும் நேரத்தையும் எழுதுவார். அதிகாரி சொன்ன பதில் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது.